பார்த்தாச்சு என்றால் அழித்துவிடு

அத்தியாயம் 17

போன வாரம் ஷோபனாவை ரயிலில் விட்டிருந்தோம். அம்பத்தூரில் ஏறி, திருவாலங்காடு வரைக்கும் நின்றுகொண்டே வந்து, திருத்தணியில் இறங்கும்போது ஒரு முடிவோடுதான் இறங்கினாள். ஆவணியில் ஷார்ஜாவிலிருந்து வருகிற அண்ணனை அழைத்துவர அவள் ஏர்போர்ட்டுக்குப் போகப்போவதில்லை. நைனா போகட்டும். அம்மா போகட்டும். அவளுக்கு ஆபீஸ் இருக்கிறது.

சண்டை மாசி மாதத்தில் மூண்டது. பொதட்டூர்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான், விசைத்தறி வைத்திருக்கிறான், ரயிலில் போய்க் கஷ்டப்படுகிற வேலை ஷோபாவுக்கு எதற்கு என்று அண்ணன் குமரேசன் எழுதினான். ஷோபனா போனில் கேட்டாள், "என்னைப் படிக்க வச்சது நீதான். அதுக்காக என்னை யாருக்குக் கட்டிக் குடுக்கணும்ன்றதும் உன் கணக்குலயா எழுதியிருக்கு?"

அதற்குப் பிறகு அவன் அவளைக் கூப்பிடவில்லை. பத்தாவதோடு நின்று, மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டு, ஒன்பது வருஷமாக வெளிநாட்டில் கிடக்கிறவனிடம் இப்படிக் கேட்கலாமா என்று அம்மா கோவிந்தம்மாள் ஒரு வாரம் முணுமுணுத்தாள். கேட்டதில் என்ன தப்பு என்று ஷோபனா இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்று சனிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும்.

*

பத்து மணிக்கு அவள் முன்னறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நாலு நாள். அதற்குள்ளேயே காவடிக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். தெருமுனை ஸ்பீக்கர் விடிந்ததிலிருந்து ஓயவில்லை.

அவள் வேலை செய்வது பதினோரு பேர் இருக்கிற சின்ன கம்பெனியில். அவர்கள் செய்கிற மென்பொருளின் பெயர் 'பலகை'. இணையத்தில் ஒரு பக்கம் திறந்தால், அதே பக்கத்தை வேறு ஊர்களில் இருக்கிறவர்களும் திறந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். யார் எழுதிக்கொண்டிருக்கிறார்களோ அவர்கள் நிறத்தில் ஒரு சின்னக் கோடு அங்கே சிமிட்டிக்கொண்டிருக்கும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கென்று ஒரு பக்கத்தை அதில் ஆரம்பித்துக் கொடுத்தவள் ஷோபனாதான். குமரேசன் பச்சை. அவள் ஊதா. நைனா வேதாசலத்துக்குக் காவி. ஆனால் அவர் ஒரு விரலால் தட்டித் தட்டி மாதத்துக்கு இரண்டு வரி எழுதினால் அதிகம். அம்மாவுக்கு ஸ்க்ரீனில் எழுத்து நெளிகிறதாம். ஷோபனா படித்துக் காட்டுவாள், அம்மா சொல்வதை எழுதுவாள். கேஸ் சிலிண்டர் எப்போது தீரும், மாடு கன்று போட்டது, யார் வீட்டுக் காதுகுத்து என்று பக்கம் அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போனது.

அதனால் ஷோபனா ஒரு சட்டம் போட்டாள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தாச்சு என்றால் அழித்துவிட வேண்டும். அழிந்திருந்தால் படித்துவிட்டார்கள் என்று எழுதியவர் புரிந்துகொள்ள வேண்டும். தெருவில் பால்காரனுக்குச் சிலேட்டில் எழுதிவைக்கிற மாதிரிதான். நைனாவுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. படிக்கிறாரோ இல்லையோ, அழிப்பதை ஒழுங்காகச் செய்தார். புரியாத ஆங்கில முகவரிகளை மட்டும் தொட மாட்டார்.

'பலகை'யில் ஒரு குறை இருந்தது. யாராவது இணைய முகவரி ஒன்றை எழுதினால் அது வெறும் எழுத்தாகவே கிடக்கும். அமுக்கினால் ஒன்றும் ஆகாது. முகவரியை அதுவாகவே கண்டுபிடித்து, நீலமாக்கி, அடிக்கோடு போட்டு, அமுக்கினால் திறக்கிற மாதிரி செய்ய வேண்டும். மூன்று வாரமாக ஷோபனாவின் வேலை இதுதான்.

கேட்பதற்குச் சின்ன வேலை. செய்துபார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் லட்சணம். முகவரி எங்கே முடிகிறது? கடைசியில் இருக்கிற புள்ளி அதோடு சேர்ந்ததா, வாக்கியத்தோடு சேர்ந்ததா? ஒருத்தர் முகவரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தர் அதன் நடுவில் புகுந்து இரண்டு எழுத்தைச் சேர்த்தால், எதை நீலமாக்குவது?

ஆபீஸில் அவளுக்கு மேலே இருக்கிற ஆனந்தன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லித்தான் அனுப்பினார். இனிமேல் எழுதப்போகிற வரிகளில் மட்டும் வேலை செய்யட்டும், பழைய பக்கங்களைத் தொடாதே, சோதனைப் பக்கத்தில் மட்டும் ஓட்டிப் பார் என்று.

சோதனைப் பக்கத்தில் ஆனந்தனே எழுதிவைத்த நாற்பது வரி இருக்கிறது. ஒழுங்கான நாற்பது வரி. மனுஷர்கள் அப்படியா எழுதுகிறார்கள்? தன் வீட்டார் மாதிரி கன்னாபின்னாவென்று எழுதுகிறவர்கள் உலகத்தில் யாருமில்லை என்று ஷோபனாவுக்கு ஒரு எண்ணம். இதில் ஓடினால் எதிலும் ஓடும். வீட்டுப் பக்கத்தைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரைக்கும் ஓட்டினாள்.

ஏழு இடத்தில் நீலம் பூத்தது.

ஏழில் ஒன்று புள்ளியையும் சேர்த்து விழுங்கியிருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டினாள். ஏழும் சுத்தமாக இருந்தன. ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

"யம்மா, இங்க வாயேன்."

கோவிந்தம்மாள் முருங்கைக்கீரை முறத்தோடு வந்தாள். கீரையை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். என்னம்மா செய்திருக்கிறாய் என்று கேட்டால் மூன்று வாரமும் ஷோபனா எரிந்துதான் விழுந்திருக்கிறாள். இன்றைக்கு அவளே கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தாள்.

"நீலமா கீதுல்ல, அதை அமுக்கு. தொறக்கும்."

"எதுனா ஆய்டப் போவுது."

"ஒண்ணும் ஆவாது. நான் செஞ்சது."

அம்மா முதலில் அமுக்கியது ரயில் நேரம். திறந்தது. கோவிந்தம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி சந்திராவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. இன்னொன்றை அமுக்கட்டுமா என்று கேட்டாள். அமுக்கு என்றாள் ஷோபனா. பெருமையில் அவள் திரையைக்கூடப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் முகம் மாறியதை முதலில் பார்த்தாள். பிறகுதான் திரையைப் பார்த்தாள்.

ஒரு நிலம். வரப்பு, ஒரு வேப்பமரம், கிணறு, பக்கத்தில் மோட்டார் ரூம். மோட்டார் ரூம் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தும் உதிராமலும் ஒரு பெயர். ஸ்க்ரீனில் எழுத்து நெளிகிறது என்கிற கோவிந்தம்மாள் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டாமலே படித்தாள்.

"பச்சையப்பன். எங்க நைனா பேரு."

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இருந்ததை ஷோபனா படித்தாள். கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், கிணற்றோடு இரண்டு ஏக்கர், மனை போட ஏற்றது. தொடர்புக்கு என்று தரகர் ராஜவேலுவின் நம்பர். இன்னொரு நம்பர் ஷார்ஜா நம்பர். அதை அவள் மனப்பாடமாகவே அறிவாள்.

*

அது கோவிந்தம்மாளின் மஞ்சக்காணி. கல்யாணத்தில் பிறந்த வீடு மஞ்சள் குங்குமத்தோடு கொடுத்த நிலம். பத்திரம் அவள் பெயரில். கல்யாணமான மூன்றாம் வருஷம் வேதாசலம் அந்தக் காணியை ஈடு வைக்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். கோவிந்தம்மாள் அதோடு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து அந்தக் காணியைப் பற்றி அவர் வாயைத் திறப்பதில்லை. அதில் விளைகிற வேர்க்கடலையைப் பற்றிக்கூட, 'சத்திரத்துக் கடலை' என்பார், 'உன் காணிக் கடலை' என்று சொல்ல மாட்டார்.

"உங்க நைனா காலையில எங்க போறேன்னாரு?"

"சத்திரம் வரைக்கும் போய்ட்டு வர்றேன்னு."

"எதுக்குன்னு சொன்னாரா?"

சொல்லவில்லை. ஷோபனா ராஜவேலுவின் நம்பருக்கு அடித்தாள். தரகர் உற்சாகமாகப் பேசினார். ஆங், பார்ட்டி வந்தாச்சும்மா, சர்வேயரும் வந்தாச்சு, அப்பாவும் இங்கதான் இருக்கார், ஆடியில பத்திரம் வேண்டாம், அளந்து மட்டும் வச்சிகினு ஆவணி முதல் முகூர்த்தத்துல முடிச்சிடலாம்னு ஷார்ஜா தம்பி சொல்லிட்டார் என்றார்.

ஷோபனா அதை அப்படியே அம்மாவிடம் சொன்னாள். எதையும் மென்று விழுங்கிச் சொல்லத் தெரியாது அவளுக்கு. நல்ல குணம் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

கோவிந்தம்மாள் முறத்தை ஓரமாக வைத்தாள். உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். காவடிக் கூட்டத்துக்காக பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு தூரம் நடக்க வேண்டும், நானும் வருகிறேன் என்று ஷோபனா எழுந்தாள்.

"நீ வேணாம்."

"யம்மா..."

"அவன் கேட்டிருந்தா குடுத்திருப்பேன் ஷோபா. இத்தினி வருசம் அங்க வெந்துகினு இருக்கான், அவனுக்கு இல்லாத காணி எனக்கு எதுக்கு? ஒரு வார்த்த கேக்கல பாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

*

ஷோபனா அண்ணனுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். இரண்டாவது நிமிஷம் போன் அடித்தது. ஐந்து மாசத்துக்குப் பிறகு தங்கையின் நம்பரைப் பார்த்த சந்தோஷம் அவன் குரலில் இருந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

என்னென்ன சொன்னாள் என்று இங்கே முழுசாக எழுத வேண்டியதில்லை. திருட்டுத்தனமாகப் பெற்றவள் சொத்தை விளம்பரம் போட்டவன் என்றாள். நைனாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டவன் என்றாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்த லட்சணமும் இதுதானே, யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் முடித்துவிடுவது என்றாள். தாய்க்காரி வெயிலில் நடந்து போயிருக்கிறாள், அவளுக்கு ஏதாவது ஆகட்டும், அப்புறம் இருக்கிறது உனக்கு என்றாள்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தினபோது குமரேசன் கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்? கனவுல வந்து சொன்னியா?"

"எழுதினனே. மாசியில. படத்தோட அட்ரஸ் போட்டு, கீழ எழுதினேன். ரெண்டு நாள் கழிச்சிப் பாத்தா அழிச்சிருந்துச்சு. பாத்தாச்சுன்னா அழிச்சிடணும்னு நீதான சொன்ன? நைனாகிட்டயும் அதான் சொன்னேன். அம்மா பாத்துட்டாங்க, ஒண்ணும் சொல்லலன்னு."

"பொய் சொல்லாத. அட்ரஸ் மட்டும்தான் கீது. நீ ஒரு எழுத்தும் எழுதல."

"எழுதினேன் ஷோபா."

"இரு. உன் பொய்ய இப்பவே உனக்குக் காட்டறேன்."

'பலகை'யில் எழுதியது எதுவும் உண்மையில் அழிவதில்லை. யார், எப்போது, எதை எழுதினார்கள், எதை அழித்தார்கள் என்று ஒரு வரலாறு பின்னாலேயே இருக்கும். வீட்டில் அதைத் திறக்கத் தெரிந்தவள் ஷோபனா மட்டும்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு திறந்தாள். ஆனியிலிருந்து பின்னோக்கிப் போனாள். வைகாசி, சித்திரை, பங்குனி. மாசி.

பச்சை இருந்தது. நிறையப் பச்சை. முகவரி மேலே. அதற்குக் கீழே ஐந்தாறு வரி. அதற்கும் கீழே பொதட்டூர்பேட்டை மாப்பிள்ளை.

அடுத்த நாள் காலை ஏழு பத்துக்கு அந்தப் பச்சை முழுவதும் அழிந்திருந்தது. அழித்த நிறம் ஊதா.

ஏழு பத்து. ரயிலுக்குக் கிளம்புகிற நேரம். அவளுக்கு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை, விசைத்தறி என்று இரண்டு வார்த்தை கண்ணில் பட்டதுமே உடம்பு எரிந்தது. கடைசி வரியில் மவுஸை வைத்து, கீழிருந்து மேலாக இழுத்துக்கொண்டே போனாள். அண்ணன் எழுதினது ஒன்றும் மிஞ்சக்கூடாது. ஆங்கில எழுத்து வந்ததும் நிறுத்தினாள். என்ன நிறம் என்றுகூடப் பார்க்காமல், அது ஏதோ தான் ஆபீஸ் வேலைக்கு ஒட்டிவைத்தது என்று நினைத்தாள். மிச்சத்தை ஒரே தட்டில் அழித்தாள். படிக்கவில்லை. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"ஷோபா? இருக்கியா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் அந்த வரிகளைப் படித்தாள். ஐந்து மாசம் தாமதமாக.

*

மத்தியானம் ஆனந்தன் கூப்பிட்டார். முகவரி கண்டுபிடிக்கிறது எப்படி இருக்கிறது, திங்கட்கிழமை எல்லோருக்கும் விடலாமா என்று கேட்டார்.

பழைய பக்கத்தில் ஓட்டிவிட்டேன் என்றாள் ஷோபனா. ஏன், சொன்னேனே என்றார் அவர். ஏதாவது கெட்டுப்போயிற்றா என்றும் கேட்டார்.

"இல்ல சார். அது சரியாத்தான் வேலை செய்யுது."

அவர் வைத்த பிறகு சோறு வடித்தாள். அம்மா பாதியில் விட்டுப்போன கீரையை ஆய்ந்தாள். நைனாவுக்கு நாலு தடவை அடித்தாள், எடுக்கவில்லை. அண்ணன் ஆறு தடவை அடித்தான், அவள் எடுக்கவில்லை. மற்றவர்களிடம் முகத்துக்கு நேராகப் பேசுகிற தைரியம் தன்னிடம் நிறைய இருக்கிறது என்றுதான் அவள் இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். தன்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கும்போது அது எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு லேப்டாப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வரலாற்றிலிருந்து அந்த வரிகளை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். பச்சையாகவே வைத்தாள். இருந்த இடத்துக்குத் திரும்பியதால் வரிகளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஐந்து மாசத்தைத்தான் அப்படித் திரும்ப வைக்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்தில் பச்சைக் கோடு ஒன்று வந்து நின்றது. ஷார்ஜாவில் ஏதோ நெட் சென்டரில் உட்கார்ந்து குமரேசன் பக்கத்தைத் திறந்திருக்கிறான். தான் எழுதியது திரும்பி வந்திருப்பதைப் பார்த்திருப்பான். கோடு அந்தக் கடைசி வரியின் முனையில் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஊதா.

*

ஐந்தரைக்கு வேதாசலமும் கோவிந்தம்மாளும் வந்தார்கள். சேர்ந்து வரவில்லை. அவள் முன்னால், அவர் பத்தடி பின்னால். அவர் நேராகக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவ ஆரம்பித்தார். கழுவி முடிக்கவே இல்லை. கோவிந்தம்மாளின் கால் முழுக்கச் செம்மண்.

ஷோபனா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

அளந்தார்கள் என்றாள் அம்மா. சங்கிலி பிடித்து நாலு மூலையும் அளந்தார்கள், நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன் என்றாள். உங்க நைனா தள்ளிக் கிணற்றுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், நான் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை என்றாள். அப்புறம் சர்வேயர் வந்து அம்மா உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டாராம்.

"இன்னா சொன்ன?"

"ஆவணியில வந்து கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டேன்."

"யம்மா!"

"அவனுக்கு வேணும்னா எடுத்துக்கட்டும். மண்ணு இன்னா கூடவா வரப்போவுது?" கோவிந்தம்மாள் தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்தாள். "ஆனா கேக்காத வித்தவன் இந்த வாசப்படி ஏறக் கூடாது. காணிய வாங்கிகினு அப்படியே போய்டட்டும். உங்க நைனாகிட்டயும் பஸ்ஸுல சொல்லிட்டேன். நீ போன் பண்ணி அவன்கிட்ட சொல்லிடு. நீதான் நேரா பேசுவியே."

கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. வேதாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு விஷயம் புரியவில்லை. அம்மாவுக்கும் புரியவில்லை. இந்த வீட்டில் நடந்தது என்னவென்று தெரிந்தவள் ஒருத்திதான்.

திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. ஒரு வரி வந்தது. அம்மா பத்திரமா வந்துட்டாங்களா? அதற்குக் கீழே இன்னொரு வரி. அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

நானே சொல்லிவிடுகிறேன் என்று அவன் எழுதியிருந்தால் அவள் விட்டிருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

"யம்மா, இங்க வந்து உக்காரு. உனக்கு ஒண்ணு படிச்சிக் காட்டணும்."

"நீலமா ஒண்ணும் எனக்கு வேணாம்."

"நீலம் இல்ல. உக்காரு."

கோவிந்தம்மாள் உட்கார்ந்தாள். ஷோபனா படித்தாள். அண்ணன் எழுத்தில் எப்போதும் தப்பு கண்டுபிடித்துத் திருத்துகிறவள், இன்றைக்கு ஒரு எழுத்தையும் மாற்றாமல் அவன் எழுதின மாதிரியே படித்தாள்.

"'ஷோபா, மேல இருக்கற அட்ரஸ தொறந்து அம்மாவுக்குக் காட்டு. அம்மாவோட காணி. சும்மா போட்டுப் பாத்தேன், கோவிச்சிக்க வேணாம். ஒன்பது வருசம் ஆச்சு, இனிமே இங்க முடியல. வித்தா ஊருக்கே வந்து மோட்டார் கடை வச்சிக்கலாம்னு பாக்கறேன். அம்மாவுக்கு இஷ்டம் இல்லனா ஒரு வார்த்த எழுதச் சொல்லு, அன்னிக்கே எடுத்துடறேன். இங்கயே இருந்துக்கறேன். ஒண்ணும் எழுதாம அழிச்சிட்டா சரின்னு எடுத்துக்கறேன். சரின்னா வேலைய விட்டுடுவேன். அம்மாகிட்ட நேரா கேக்கறதுக்கு பயமா கீது. நீ கேளு.'"

படித்து முடித்தும் ஷோபனா திரும்பவில்லை. பச்சையும் ஊதாவும் அருகருகே சிமிட்டிக்கொண்டிருந்தன.

"இது எப்ப எழுதனது?" என்றாள் கோவிந்தம்மாள்.

"மாசியில."

அம்மா காலில் ஒட்டிய செம்மண்ணை விரலால் சுரண்டினாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"இத்தினி மாசமா இது எங்க இருந்துச்சு?"